ஃபேன் சென்சார் கோட் விழுந்தா: மாத்துறதா, மீட்டரா, ஸ்கேனரா, டைரக்டா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வரிசை ஒரு மதியம் முழுக்க நகரவில்லை. வரிசையில் நின்ற என் டிரெய்லரிலிருந்து டிரைவர் போன் பண்ணினார். "அண்ணே, ஃபேன் நிக்கவே மாட்டேங்குது. ஏரோப்ளேன் மாதிரி சத்தம். செக் இன்ஜின் லைட்டும் எரியுது." சூடு எவ்வளவு என்று கேட்டேன். முள் நடுவிலேயே இருந்தது.

சாயங்காலம் மணலி யார்டில் வண்டியைச் சுற்றி நாலு பேர், நாலு தீர்ப்பு. மெக்கானிக்: "சென்சார் போச்சுண்ணா, ஃபேன் கிளச்சோட மாத்திடலாம்." வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் பையன்: "மாட்டிப் பாத்துட்டுப் பேசுவோம்." வயரிங் வேலையிலேயே தலை நரைத்த எலக்ட்ரீசியன் பெரியவர்: "மொதல்ல கப்ளரக் கழட்டு நைனா." பக்கத்து வண்டி ஓனர்: "இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ? டைரக்ட் பண்ணிட்டு ஓட்டு." இந்த நாலையும் வெவ்வேறு சமயங்களில் காசு கொடுத்துச் செய்து பார்த்தவன் நான். எது எங்கே பலிக்கும், எது எங்கே கையைச் சுடும் என்பதுதான் இங்கே பேச்சு.

அதற்கு முன் அந்த ஃபேன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம். பழைய லாரிகளின் விஸ்கோஸ் ஃபேனில் வயரே கிடையாது. ரேடியேட்டர் வழியாக வரும் காற்றின் சூட்டில் ஒரு உலோகச் சுருள் வளைந்து, இன்ஜின் சுற்றை ஃபேனுக்குக் கடத்தும் கிளச்சைப் பிடிக்க வைக்கும். இப்போது பல வண்டிகளில் அந்த முடிவை ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் எடுக்கிறது. கிளச்சுக்குள் சிலிக்கோன் ஆயில் இருக்கிறது. ஒரு மின்காந்தக் காயில் வால்வைத் திறந்து மூட, வேலை செய்யும் அறைக்குள் ஆயில் எவ்வளவு போகிறதோ அவ்வளவு பிடிப்பு. ஃபேன் உண்மையில் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று திருப்பிச் சொல்ல கிளச்சுக்குள்ளேயே காந்தப் புலத்தை உணரும் ஒரு ஹால் சென்சார். ஒரே கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளக்) பெரும்பாலும் அஞ்சு வயர் வரும்: காயிலுக்கு ரெண்டு, சென்சாருக்கு 5 வோல்ட், சிக்னல், எர்த் என்று மூணு. நிறம் வண்டிக்கு வண்டி மாறும், டயகிராம் இல்லாமல் குத்தாதீர்கள்.

சென்சார் பேசவில்லை என்றால் ஈசியூவுக்குக் கண் தெரியாது. இன்ஜின் வெந்துவிடக் கூடாதே என்று ஃபேனை முழு வேகத்தில் ஓட விட்டுவிடும். அதனால்தான் முள் நடுவில், காதில் ஏரோப்ளேன். ஆபத்து இன்ஜினுக்கு இல்லை, டீசலுக்கு. ஃபேன் இழுக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். பாதி வேகத்தில் சுற்றும்போது எடுப்பதைப் போல எட்டு மடங்கை முழு வேகத்தில் எடுக்கும். வரிசையில் நின்று நின்று நகரும் வண்டிக்கு இது சும்மா போகிற காசு.

டைரக்டை, அதாவது சென்சாரையும் ஈசியூவையும் ஒதுக்கிவிட்டு ஓட்டுவதை, முதலிலேயே முடித்துவிடுகிறேன். பழைய கிளச்சில் போல்ட் போட்டு இறுக்குவார்கள். புதுசில் பல வண்டிகளில் கப்ளரைப் பிடுங்கினாலே ஃபேன் முழுசாகப் பிடித்துக்கொள்ளும். ராத்திரி தச்சூர் கூட்டுரோட்டில் லோடோடு மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர இது போதும். அதற்குமேல் வேண்டாம். எரிகிற லைட் எரிந்துகொண்டே இருக்கும். நாளைக்கு வேறொரு நிஜமான கோளாறு வந்தால் அதுவும் அதே லைட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இன்னொரு வகை டைரக்ட் உண்டு, சத்தம் பிடிக்காமல் ஃபேனே சுற்றாதபடி செய்வது. அதைச் செய்தவர்கள் இன்ஜின் வெந்து ஹெட் கேஸ்கெட் வாங்கப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திப் பார்ப்பது அடுத்தது. இதில் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மறுநாள் காலை வண்டி வெளியே போகணும். ஆனால் சென்சார் கிளச்சுக்குள்ளேயே இருப்பதால் பல மாடல்களில் தனியாகக் கிடைக்காது, முழு கிளச்சுக்கும் சேர்த்துத்தான் பில். கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம் என்று நான் சொல்வது மூணு சமயத்தில். இன்ஜினை நிறுத்திவிட்டு இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது பேரிங் ஆட்டம் தெரிந்தால். கிளச் முகத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஆயில் கோடு இழுத்திருந்தால். சென்சார் வயர் கிளச்சுக்குள் நுழையும் வேரிலேயே அறுந்திருந்தால். மற்றபடி மாற்றுவது சூதாட்டம். புதுப்பேட்டையில் பழசு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: விஸ்கோஸ் கிளச்சை வண்டியில் இருக்கிற மாதிரி நிமிர்த்தித்தான் வைத்திருக்க வேண்டும். தரையில் பல நாள் படுக்கப் போட்டிருந்தால் ஆயில் கசிந்திருக்கலாம்.

நிஜப் போட்டி பெரியவரின் மல்டிமீட்டருக்கும் பையனின் ஸ்கேனருக்கும்தான். யார் முதலில் என்பதை ஈசியூவில் விழுந்திருக்கும் கோளாறு எண்ணே (கோட்) சொல்லிவிடும், அதைப் படிக்கத்தான் பலருக்குப் பொறுமை இல்லை. பி0526 என்றால் ஃபேன் ஸ்பீடு சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. பி0527 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. பி0528 சிக்னலே இல்லை. பி0529 விட்டு விட்டு வருகிறது. சில லாரி ஸ்கேனரில் இதே விஷயம் எஸ்பிஎன் (எந்தப் பகுதி என்று சொல்லும் எண்) 1639 என்று வரும். கூடவே எஃப்எம்ஐ (எப்படிக் கெட்டது என்று சொல்லும் எண்) 3 இருந்தால் வோல்ட் அதிகம், 4 இருந்தால் குறைவு, 2 இருந்தால் தாறுமாறு. சர்க்யூட், சிக்னல் இல்லை, வோல்ட் அதிகம், குறைவு என்று வந்தால் மீட்டரை எடுங்கள். கணக்கு ஒத்துவரவில்லை, விட்டு விட்டு வருகிறது என்றால் ஸ்கேனரை மாட்டுங்கள்.

மீட்டர் வழியில் எனக்குப் பிடித்தது, சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. சாவியை அணைத்து, கப்ளரைக் கழட்டி, பின்னில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சாவி மட்டும் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாமல், வயரிங் பக்கக் கப்ளரில் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் லைன் அறுந்திருக்கலாம். அல்லது அதே 5 வோல்ட்டைப் பங்கு போடும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகி எல்லோரையும் இழுத்திருக்கலாம். அப்போது ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத கோடுகள் நாலைந்து விழுந்திருக்கும். ஒவ்வொரு சென்சாராகக் கப்ளரைக் கழட்டிப் பார்த்து, எதைக் கழட்டியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, ஷார்ட் அந்தச் சென்சார் பக்கம்.

5 வோல்ட் சரி என்றால் கப்ளரை மாட்டி, சிக்னல் வயரில் பின்பக்கமாக ஊசி நுழைத்து, ஃபேனைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மீட்டர் பூஜ்யத்துக்கும் அஞ்சுக்கும் பக்கமாக மாறி மாறித் துள்ளினால் சென்சார் பிழைத்திருக்கிறது. ஹால் சென்சார் என்பதால்தான் இது முடிகிறது; சுற்றும் வேகத்தில் மின்சாரம் பிறக்கிற பழைய காந்தச் சென்சார் இப்படி மெதுவாகச் சுற்றினால் பேசாது. அந்தப் பழைய பழக்கத்தில் ஹால் சென்சாரை ஓம்ஸில் வைத்து "ரெசிஸ்டன்ஸ் காட்டல, போச்சு" என்று தூக்கிப் போடுகிறவர்கள் இன்னும் உண்டு. உள்ளே இருப்பது ஐசி சிப், ஓம்ஸில் அதன் கதை தெரியாது. இன்னொன்று: கையால் சுற்றுவதெல்லாம் பெல்ட்டில் ஓடும் ஃபேனுக்கு மட்டும். காரில் இருக்கும் எலக்ட்ரிக் ஃபேன் சாவி போட்டிருந்தால் சொல்லாமல் சுற்றிவிடும், விரலை விடாதீர்கள்.

ஸ்கேனருக்கு வேறு பலம். அது ஃபேனையும் இன்ஜினையும் ஒரே திரையில் காட்டும். உதாரணத்துக்கு, ஃபேன் புல்லி விகிதம் 1.2 என்று வையுங்கள். இன்ஜின் நிமிஷத்துக்கு 1500 சுற்றினால் கிளச்சுக்குள் போவது 1800. ஃபேன் அதைத் தாண்டவே முடியாது. திரையில் 3000 காட்டினால் ஃபேன் பேசவில்லை, வயரில் வந்த குப்பைச் சத்தம் பேசுகிறது. காற்று முகத்தில் அடிக்கிறது, திரையில் பூஜ்யம் என்றால் சிக்னல் வழியில் தொலைந்துவிட்டது. ஈசியூ நூறு சதவீதம் கேட்டுக்கொண்டிருக்க, ஃபேன் 600-லேயே நின்றால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது; கிளச் பிடிக்கவில்லை. இந்த மூணாவதை மீட்டரால் ஒருநாளும் சொல்ல முடியாது. ஆனால் பூஜ்யம் காட்டும் ஸ்கேனருக்கு, வயர் எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாது. கடைக்கண்ணியில் கிடைக்கும் சின்ன கார் ஸ்கேனர் பல லாரிகளோடு பேசவே பேசாது, அதை நம்பி இறங்காதீர்கள். சிக்னலை அலையாக வரைந்து காட்டும் ஆசில்லோஸ்கோப் இருந்தால் ரெண்டு கருவியின் வேலையும் முடியும் என்பது உண்மைதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாம், யார்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர்தான் வேண்டும்.

இந்த ஊரில் என் ஓட்டு ஏன் வயரிங் பக்கமே சாய்கிறது என்றால், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை அடிக்கும் உப்புக்காற்று. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து, அதன்மேல் மழை ஈரம் ஏறினால் கப்ளருக்குள் களிம்பு பிடிக்கக் கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணெய்க் கசிவும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை ஒன்றாகப் போனபோது, அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளின் வயரிங் மாதக்கணக்கில் வேலை வைத்தது.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். பெரியவர் கப்ளரைக் கழட்டினார். களிம்பு இல்லை. 5 வோல்ட் இருந்தது, எர்த் சரி, ஃபேனைச் சுற்றினால் மீட்டர் துள்ளியது. எல்லாம் நலம். மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தார். பையன் ஸ்கேனரை மாட்டினான்: பி0529. நின்ற இடத்தில் நல்லா இருக்கிற வயரை மீட்டர் நல்லா இருக்குன்னுதானே சொல்லும்.

இன்ஜினை ஐடிலில் விட்டு, பையன் கேபினில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் சட்டைக் கையை மடித்து, ஃபேனிலிருந்து எட்டவே நின்று, ஒரு மரக்குச்சியால் வயர் கட்டைச் சாணுக்குச் சாண் அசைத்துக்கொண்டே போனார். ஃபேனைச் சுற்றியிருக்கும் ஷ்ரவுட் மூடியை ஒட்டின கிளிப்பில் குச்சி பட்டதும் பையன் கத்தினான்: "ஜீரோ! தாத்தா, ஜீரோ!" கிளிப் தேய்த்துத் தேய்த்து இன்சுலேஷனில் ஊசி முனையளவு ஓட்டை. உள்ளே தாமிரம் கறுத்து, ரெண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு முடிகிற இடம் வரை வெட்டி, புது வயர் சேர்த்து, சூட்டில் சுருங்கி மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, கிளிப்பை இடம் மாற்றினோம். மெக்கானிக் சொன்னபடி கிளச்சை மாற்றியிருந்தால் புதுசும் அதே கிளிப்பில்தான் வந்து மாட்டியிருக்கும்.

மறுநாள் விடியற்காலை டிரைவர் மறுபடி போன். "அண்ணே, ஸ்டார்ட் பண்ணதும் அதே சத்தம்!" லைட் எரியுதா என்று கேட்டேன். எரியவில்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் வேலை அறைக்குள் இறங்கியிருக்கும், அது திரும்பிப் போகிற வரை ஃபேன் இரையத்தான் செய்யும். "ரெண்டு நிமிஷம் பொறுப்பா" என்றேன். டீ குடித்து முடிப்பதற்குள் அடங்கிவிட்டதாம்.