விண்டோஸ் 7ல இன்னும் கடை ஓடுது – கிளிநொச்சி அனுபவம்

கிளிநொச்சியில போட்டோக்கொப்பி, ரைப்பிங் கடை வச்சிருக்கிறன், ஒரு கொம்பியூட்டரில இண்டைக்கும் விண்டோஸ் 7 தான். ஏன் அண்ணை இன்னும் இதை வச்சு மாரடிக்கிறியள் எண்டு பெடியள் கேக்கிறாங்கள். காரணம் பிரிண்டர். அந்தப் பழைய லேசர் பிரிண்டருக்குப் புது விண்டோஸுக்கான ட்ரைவர் (கொம்பியூட்டர் பிரிண்டரோட பேசுறதுக்கான சொப்ட்வெயர்) விடவே இல்லை, பிரிண்டரோ ஒரு குறையும் இல்லாமல் அடிக்குது, பாமினி எண்டுற பழைய தமிழ் ஃபொன்ற்றில வாற பள்ளிக்கூட வினாத்தாளெல்லாம் அதிலதான்.

மைக்ரோசொப்ட் 2020 ஜனவரியோட சப்போர்ட்டை நிப்பாட்டினதில எனக்குக் கோவம் இல்லை, 2009ல வந்த சாமானை எவ்வளவு காலம் இழுக்கிறது. பிறகு குரோம் பிரவுசரும் 7க்கு 109ஆவது வெர்ஷனோட நிண்டிட்டுது. அந்தக் குரோமுக்கு அடியில இருக்கிற குரோமியத்தை வச்சுத்தான் இப்ப கன சொப்ட்வெயர் செய்யிறாங்கள், அப்பிடிச் செய்யிறதுக்கான கருவிதான் எலக்ட்ரோன் எண்டுறது, அதுவும் 23ஆவது வெர்ஷனோட 7ஐ விட்டிட்டுது, அப்ப அதுக்கு மேல கட்டுற சின்ன டெவலப்பர் விரும்பினாலும் என்ன செய்யிறது? இது விளங்காமல், 7ல ஓடேல்ல எண்டு டெவலப்பருக்கு ஒரு ஸ்டார் போட்டு ஏசுறது பிழை.

எனக்கு எரியிறது வேற இடத்தில. ஒரு பில் போடுற சொப்ட்வெயர், டொங்கிள் டேற்றாவில இழுத்து இழுத்து இறக்கி, இன்ஸ்டோலும் முழுசா முடிஞ்சு, திறக்கேக்கதான் விண்டோஸின்ர அடிப்படை ஃபைலான கேர்னல்32 டிஎல்எல்லில என்ரி பொயின்ற் (அந்த சொப்ட்வெயர் கூப்பிடுற ஃபங்ஷன்) இல்லை எண்டு ஒரு பெட்டி வந்து நிக்குது. விண்டோஸ் 8ல வந்த ஃபங்ஷனை 7ல தேடினால் எங்க இருக்கும்? இதில ஓடாது எண்டு இன்ஸ்டோலர் முதல்லயே சொல்லியிருக்கலாம், அது பெரிய வேலை இல்லை. ஓடின பழைய வெர்ஷனையும் சைற்றில இருந்து தூக்கிட்டாங்கள், அதுதான் உச்சம்.

வீடியோ பாக்கிற விஎல்சி 3ஐப் பாருங்கோ, 7க்கும் முந்தின விண்டோஸ் எக்ஸ்பியிலயும் ஓடுது. ஃபயர்பொக்ஸ் பிரவுசரில 115 ஈஎஸ்ஆர் எண்டுற, கன காலம் சப்போர்ட் குடுக்கிற வெர்ஷனுக்குப் புது வசதி ஒண்டும் தரேல்ல, பாதுகாப்பு அப்டேற் மட்டும் கன காலம் குடுத்தவங்கள், எனக்கு அது காணும். (பாங்க் வேலை இதில செய்யிறேல்ல, நீங்களும் செய்யாதேங்கோ.)

இப்ப விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சுது, 11க்கு டிபிஎம் 2.0 எண்டுற பாதுகாப்புச் சிப் வேணுமாம், எங்கட பக்கம் இருக்கிற பழைய லாப்டொப் கனக்கத்தில அது ஏறாது. 10 வச்சிருக்கிறவை, இப்ப ஓடுற சொப்ட்வெயரின்ர இன்ஸ்டோலரையும் பிரிண்டர் ட்ரைவரையும் பென்டிரைவில எடுத்து வையுங்கோ, பிறகு தேடினால் கிடையாது.