லைவ் டிவிக்கு எந்த நெட்? மூன்று வருடம் பார்த்த பிறகு

கடைசி ஓவர். மூன்று பந்தில் ஐந்து ரன். பௌலர் ஓடி வருகிறார், கை மேலே போகிறது, படம் அப்படியே நின்றுவிட்டது. திரை நடுவில் வட்டம் சுற்றுகிறது. பக்கத்து வீட்டில் ஒரே கூச்சல். யார் ஜெயித்தார்கள் என்பதை அந்தக் கூச்சலை வைத்துத்தான் ஊகித்தேன். டிஷ்ஷைக் கழற்றிவிட்டு டிவியை முழுக்க நெட்டுக்கு மாற்றிய முதல் மாதம் அது.

அப்போது வைத்திருந்தது சிம் போடும் ரவுட்டர். பகலில் ஸ்பீடு டெஸ்ட் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டும். இரவு எட்டு மணி ஆனால் 12, 3, 9 என்று ஆட்டம் போடும். ஒரே டவரை ஏரியா முழுக்கப் பங்கு போட்டுக்கொள்கிறது. எல்லோரும் வீடு திரும்பிப் படம் பார்க்க உட்காரும் நேரமும் அதுதான். எட்டு மாதம் பொறுத்தேன்.

இத்தனைக்கும் எச்டி லைவ் ஓட 8 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம், 4கே என்றால் 25. சினிமா ஓடும்போது ஆப் பல நிமிடங்களுக்கு முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் பத்து நொடி நெட் போனாலும் நமக்குத் தெரியாது. லைவில் அந்த வசதி கிடையாது. இன்னும் போடாத பந்தை எப்படி இறக்கி வைப்பது? சில நொடித் துண்டுகளாக வருவதில் இரண்டு மூன்றுதான் கையிருப்பு. அது தீர்ந்தால் வட்டம். ஆக லைவுக்கு வேகத்தைவிடச் சீராக வருவதுதான் முக்கியம்.

பிறகு ஃபைபர் போட்டேன். தீர்ந்தது என்று நினைத்தால், வாரம் இரண்டு முறையாவது மறுபடி வட்டம். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "எங்க சைடுல எல்லாம் ஓகே சார்" என்றார்கள். எரிச்சலாக இருந்தாலும் அவர்கள் சொன்னது உண்மை. டிவி பக்கத்தில் லேப்டாப்பை வைத்து ரவுட்டரின் சொந்த முகவரிக்கே (பெரும்பாலும் 192.168.1.1) பிங் (ஒரு சிறு தகவல் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) போட்டுப் பார்த்தேன். 2, 3, 2, 180, 4, 310. வெளியே போகும் முன்னமே, வீட்டுக்குள்ளேயே தடுமாற்றம். இந்த எண் 1, 2 என்று அசையாமல் நின்று, வெளி முகவரிக்குப் போடும் பிங் மட்டும் தாவினால் கம்பெனியோடு தாராளமாகச் சண்டை போடலாம். என் விஷயத்தில் குற்றவாளி வைஃபை. ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில் இரண்டு சுவர். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறியது, 2.4-இல் அக்கம்பக்கத்து ரவுட்டர் எல்லாம் நெரிசல், போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசை.

கடைசியில் 15 மீட்டர் நெட்வொர்க் கேபிளை (கேட் 5இ வகை) ரவுட்டரிலிருந்து டிவி வரை சுவரோரமாக ஆணி அடித்து இழுத்தேன். அழகாக இல்லை, வீட்டில் இன்னும் திட்டு விழுகிறது. மாட்டியதும் டிவியில் டெஸ்ட் பார்த்தால் 94! வைஃபையிலேயே 200 காட்டியதே என்று பக்கென்றது. விசாரித்ததில், நிறைய டிவிகளில் அந்தக் கேபிள் மாட்டும் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தானாம். இருக்கட்டும். அன்றிலிருந்து பிங் 1-ஐ விட்டு நகரவில்லை.

இன்னொரு தொல்லை, போன்கள் போட்டோ பேக்கப் எடுக்கும் நேரம். அப்லோட் நிரம்பினால் டவுன்லோடும் மூச்சுத் திணறும். ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்தக் கருவிக்கு முதலிடம் என்று சொல்லும் அமைப்பு) பகுதிக்குப் போய் டிவிக்கு முன்னுரிமை கொடுத்து, பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டேன். கரண்ட் போனாலும் ஓட, ரவுட்டருக்கு 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் ஒன்று. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து மாட்ட மறக்காதீர்கள், நான் மறந்தேன். அந்தப் பெட்டியில் எல்ஓஎஸ் (ஃபைபர் சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக மின்னினால் மட்டும் பெரும்பாலும் நம் கையில் ஒன்றுமில்லை, ஃபைபர் எங்கோ அறுந்திருக்கலாம். இரண்டு வருடத்தில் இரண்டு முறை. போன் ஹாட்ஸ்பாட்டில் தரத்தைக் குறைத்துச் சமாளித்தேன்.

டிஷ்ஷைவிட அரை நிமிடம் பின்தங்கி வருவது மட்டும் எந்த இணைப்பாலும் போகவில்லை. மேட்ச் அன்று போனில் ஸ்கோர் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுகிறேன், பக்கத்து வீட்டுப் பக்க ஜன்னலையும் சாத்திவிடுகிறேன்.