ஆறு வார ஐயெல்ட்ஸ் கோச்சிங்: பேசப் போங்க, எழுதப் போகாதீங்க

கோவை காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. சென்டர் பெயரைப் போடவில்லை. அங்கே எனக்கு அருமையான டீச்சர் ஒருவரும் கிடைத்தார், என் ரிவ்யூவால் அவருக்குத் தலைவலி வரக்கூடாது. வெளிநாட்டுப் படிப்புக்குப் பல்கலைக்கழகங்கள் கேட்கிற ஆங்கிலத் தேர்வுதான் ஐயெல்ட்ஸ்; அதற்காகத் திருப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் ஆறு வாரம் படித்தேன். ஃபீஸ் 9,000 ரூபாய். பரீட்சைக் கட்டணம் தனி, அது இதைவிடப் பெரிய தொகை.

ஸ்பீக்கிங்குக்காக மட்டும் போனால் கொடுத்த காசு வீண் போகாது. காலேஜில் இங்கிலீஷ் எடுத்து ரிட்டயரான மேடம், ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, நிஜப் பரீட்சை மாதிரியே 11 முதல் 14 நிமிடம் பேச வைத்து ரெக்கார்ட் செய்வார். அப்புறம் அதை நம்மையே கேட்க வைப்பார். கொடுமை அதுதான். முதல் நாள் நான் 19 தடவை 'பேசிக்கலி' சொல்லியிருந்தேன்.

இரண்டாம் பகுதியில் ஒரு கார்டு தருவார்கள். யோசிக்க ஒரு நிமிடம், பேச அதிகபட்சம் இரண்டு நிமிடம். எனக்கு வந்தது, தண்ணீருக்குப் பக்கத்தில் உள்ள ஓர் இடம். நொய்யல் என்று ஆரம்பித்து, நதிகள் மிக முக்கியமானவை என்று பள்ளிக்கூடக் கட்டுரை ஒப்பித்து, நாற்பதாவது செகண்டில் வாயடைத்து உட்கார்ந்தேன். மேடம் தமிழுக்கு மாறிவிட்டார்: "ஏங்கண்ணு, உங்கூரு ஆத்துல சாயத்தண்ணி என்ன கலர்ல போச்சு? பாலத்துல நடக்கறப்ப மூக்கைப் பொத்துவியா மாட்டியா? அதைச் சொல்லு." மறுபடி பேசியபோது இரண்டு நிமிடம் பத்தவில்லை.

ரீடிங் சார் பரவாயில்லை. 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' (பத்திப்படி சரி, தவறு, பத்தியில் சொல்லவே இல்லை) கேள்விகளில் நம் பொது அறிவைக் கொண்டுபோய்ப் பத்தியில் நுழைக்கிற வியாதியை ஒரே வாரத்தில் தீர்த்துவிட்டார். லிஸனிங் பயிற்சியில்தான் ஒரு கோளாறு. விடைகளை எடுத்து எழுத பத்து நிமிடம் தந்தார்கள். அது பேப்பர் பரீட்சை வழக்கம். நான் பணம் கட்டியிருந்தது கம்ப்யூட்டர் பரீட்சைக்கு. அதில் கடைசியில் சரிபார்க்க இரண்டே நிமிடம். இதை நான்காவது வாரம் நானாகத் தெரிந்துகொண்டேன்.

இப்போது ரைட்டிங். முதல் நாளே ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் 'இன் திஸ் மாடர்ன் எரா' என்று தொடங்கும் முன்னுரை, நடுவில் நிரப்பக் கோடிட்ட இடம். எங்கள் பேட்ச்சில் 22 பேர். 22 கட்டுரைக்கும் ஒரே முதல் வரி! திருத்திய தாளில் ஒரு டிக், கீழே 9க்கு 6.5. எங்கே குறைந்தது, ஏன் குறைந்தது, ஒரு வார்த்தை கிடையாது. போதாததற்கு, 150 வார்த்தை கிராஃப் கேள்விக்கே நான்கு வாரம் போனது. 250 வார்த்தைக் கட்டுரைக்கு அதைப் போல இரண்டு மடங்கு மதிப்பு, அதற்கு மிச்சம் இரண்டு வாரம்.

ரிசல்ட்: லிஸனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6. நான்கின் சராசரியாக 7 வந்தும் பிரயோஜனமில்லை, நான் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் எதிலும் 6.5க்குக் குறையக்கூடாது என்றது. சென்டரில் போய்க் கேட்டால், "இன்னொரு பேட்ச் சேர்ந்துக்கோங்க, ஃபீஸ்ல டிஸ்கவுன்ட் தர்றோம்" என்கிறார்கள்.

சேரவில்லை. ஒரு பிரிவை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதும் வசதி இருக்கிறது. எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை என்பதால், மெயில் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் பணம் கட்டினேன். ஜெராக்ஸ் தாளைக் கிழித்தேன். மேடம் நொய்யலுக்குச் சொன்ன வைத்தியத்தையே கட்டுரைக்கும் செய்தேன்: ஒரு பத்திக்கு ஒரு கருத்து, அதற்கு நான் கண்ணால் பார்த்த ஓர் உதாரணம். 6.5 வந்தது.

என் சித்தி பையன் இப்போது அங்கேதான் படிக்கிறான், ஸ்பீக்கிங் மட்டும். தனியாகச் சேர்த்துக்கொள்கிறார்களாம், கேட்டால்தான் சொல்வார்கள். மாலை பேட்ச் வேண்டாம், லிஸனிங்கில் பாதி பஸ் ஹாரன்தான் கேட்கும். ஜன்னலோரக் கம்ப்யூட்டரிலும் உட்காராதீர்கள். அந்த ஹெட்போனில் இடது காது இன்னும் வேலை செய்யவில்லை என்றான்.