சிசிட்டாலியா 202 மாடல்: அந்த வளைவுக்காகவே வாங்கலாம்

இத்தாலியக் கார் வடிவமைப்பாளர் பத்திஸ்தா 'பினின்' ஃபரினா பாடி கட்டிய சிசிட்டாலியா 202 காரின் 1:18 மாடல் இது, அதாவது நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு அளவுள்ள பொம்மை, சிவப்பு நிறம். அவருடைய கார்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அதனாலேயே பெட்டியைப் பிரிக்கும்போது கொஞ்சம் பயம் இருந்தது, ஏனென்றால் இந்தக் காரின் அழகு மொத்தமும் பாடியின் வளைவில்தான் இருக்கிறது, அது ஓரிடத்தில் பிசகினாலும் எல்லாம் போச்சு.

பிசகவில்லை. காரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து முன்பக்கத்தைப் பாருங்கள், பானெட் இரண்டு பக்கத்து மட்கார்டுகளையும்விடத் தாழ்ந்து இருக்கும். இந்தக் காருக்கு முன்பு வந்த பெரும்பாலான கார்களில் பானெட் தனியாக நிமிர்ந்து நிற்கும், மட்கார்டு தனி, ஹெட்லைட் தனி, எல்லாம் கொண்டுவந்து பொருத்தியது போலவே தெரியும். 1947இல் வந்த இந்தக் காரில் அவை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன. மாடலில் பானெட் நடுவிலிருந்து மட்கார்டு மேல் விரலை ஓட்டினால் அந்தப் பள்ளமும் மேடும் அப்படியே கைக்குத் தெரிகிறது. நிஜக் காரின் உள்ளே இருந்ததோ சின்ன 1,089 சிசி ஃபியட் எஞ்சின்தான், ஆனாலும் 1951இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்த எட்டு கார்களில் இது ஒன்று.

குறை என்றால் கிரில். நிஜக் காரில் மெல்லிய செங்குத்துக் கம்பிகள், இதில் தடித்த பிளாஸ்டிக். கதவு இடுக்கும் அகலம் அதிகம், அலுமினியத் தகட்டைக் கையால் தட்டிக் கட்டிய பாடிக்கு இது நியாயமே இல்லை.

பெட்டியில் கூடவே வரும் குறிப்புத் தாளில் எஞ்சின் விவரம் மட்டும்தான், பாடி கட்டியவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தம். சிறுவனாக அண்ணனின் பட்டறையில் தொழில் பழகி, 1930இல் டூரினில் சொந்தக் கம்பெனி தொடங்கியவர். போர் முடிந்து 1946இல் பாரிஸ் கார் கண்காட்சியில் இத்தாலியர்களுக்கு இடமில்லை என்றபோது, மகன் செர்ஜியோவோடு தன் கார்களை அங்கேயே ஓட்டிப்போய் கண்காட்சி வாசலில் நிறுத்தியவர். இதில் பாதியாவது அச்சடித்திருக்கலாம்.

சரி, வாங்கலாமா? தாராளமாக. அடுத்து அவருடைய லான்சியா ஔரேலியா பி24 ஸ்பைடரை இவர்கள் செய்தால் அதையும் வாங்குவேன், கிரில்லை மட்டும் ஒழுங்காகச் செய்யட்டும்.