பிறப்பா, குடியுரிமையா?

அமெரிக்க அதிபராக 35 வயதும் 14 ஆண்டு வசிப்பும் இருந்தால் போதாது. பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். இந்தியக் குடியரசுத் தலைவருக்கும் அதே 35 வயதுதான். ஆனால் நம் அரசமைப்பின் 58-வது பிரிவு ‘இந்தியக் குடிமகன்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எப்படிக் குடிமகன் ஆனார் என்று கேட்பதில்லை.

1983-ஐ எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியாவில் பிறந்த அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் அந்த ஆண்டு அமெரிக்கக் குடிமகன் ஆனார். இத்தாலியில் பிறந்த சோனியா காந்தி இந்தியக் குடியுரிமை பெற்றார். அர்னால்ட் 2003-இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் வென்றார். அதற்கு மேலே கதவு சாத்தியிருந்தது. 20 ஆண்டு குடிமகனாக இருந்தால் போதும் என்று அதே ஆண்டு செனட்டர் ஓரின் ஹாட்ச் முன்வைத்த திருத்தம் நிறைவேறவில்லை. சோனியாவுக்கோ 2004-இல் பிரதமராக அரசமைப்பில் தடை இல்லை. எதிர்ப்பு அரசியல் களத்தில்தான் எழுந்தது. அது அங்கேயே நடக்க வேண்டிய சண்டை என்பது என் எண்ணம்.

அமெரிக்க விதிக்கு அரசமைப்பிலேயே விளக்கம் கிடையாது என்பது இன்னொரு குறை. பனாமா கால்வாய் மண்டலத்தில் பிறந்த ஜான் மெக்கெய்னும், கனடாவின் கால்கரியில் பிறந்த டெட் குரூஸும் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது அதனால் சர்ச்சையில் சிக்கினார்கள். தமிழ்த் தாய்க்கு ஓக்லாண்டில் பிறந்த கமலா ஹாரிஸைக்கூட 2020-இல் துணை அதிபர் வேட்பாளரானபோது இந்தக் கேள்வி விடவில்லை.