மடக்குக்கத்தியின் இரண்டாம் பிளேடு: எந்த வடிவம் உழைக்கும்?

பழைய பாணி மடக்குக்கத்தியில் பெரிய பிளேடு பெரும்பாலும் கிளிப் வடிவம்தான். முதுகு முன்பக்கம் செதுக்கி இறக்கியதுபோல் சரிந்து, முனை கூராக, வாய் வயிறு தள்ளினாற்போல் வளைந்திருக்கும். யார் செய்தாலும் அது ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும். கத்திக்குக் கத்தி தரம் பிரிவது பக்கத்தில் மடங்கிக் கிடக்கும் சின்ன பிளேடில். பெரியது செய்யாததைச் சின்னது செய்ய வேண்டும். இல்லையென்றால் பைக்குள் வீண் சுமை.

அந்தக் கணக்கில் முதலிடம் ஷீப்ஸ்ஃபூட்டுக்கு. வாய் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். முதுகுதான் வளைந்து கீழே வந்து வாயைச் சேரும். ஓர் அட்டையை இரும்பு ஸ்கேல் ஓரமாக வெட்டிப் பாருங்கள். கிளிப்பின் வளைந்த வாயில் அட்டையைத் தொடுவது ஏதோ ஒரு புள்ளிதான். மணிக்கட்டு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அந்தப் புள்ளி நகரும், வெட்டின் ஆழம் மாறும். ஷீப்ஸ்ஃபூட்டின் முனை வாயின் நேர்க்கோட்டிலேயே இருப்பதால், பிடியைச் சற்றே தூக்கினால் போதும், முனை கோட்டில் உட்கார்ந்துவிடும். மரம் சீவும்போது ஆள்காட்டி விரலை முதுகின் மேல் வைத்து அழுத்தலாம். கயிற்றைப் பலகையில் வைத்து அழுத்தி அறுக்கவும் இதுதான் வாகு. ஆனால் பலகையின் ஓரத்தில் வைத்து அறுங்கள். நடுவில் வைத்தால் விரல் முட்டிகள் பலகையில் இடிக்கும்.

வார்ன்கிளிஃப் இதன் பங்காளி. 19-ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்டின் ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனம் வார்ன்கிளிஃப் பிரபுவின் பெயரில் கொண்டுவந்தது. இதிலும் வாய் நேர்தான். முதுகு மட்டும் பிடிப்பக்கத்திலிருந்தே மெல்லச் சரிந்து ஊசிமுனையில் முடியும். நுணுக்கமான செதுக்கலுக்கு ஷீப்ஸ்ஃபூட்டை விட நல்லது. நெம்பினால் முனை போய்விடும், அவ்வளவுதான்.

ஸ்பே பலருக்குப் பிடிக்காது. கால்நடைக்குக் காயடிக்க வந்த பிளேடு அது. உள்ளே வேறெதையும் குத்திவிடக் கூடாது என்பதற்காகவே முனை மழுங்கலாக, நுனியில் மட்டும் வாய் சட்டென்று மேலே வளைந்திருக்கும். 'மாமிசத்துக்கு மட்டும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்த பழைய ஸ்பே பிளேடுகளும் உண்டு. வாய் மெல்லியது, கட்டையில் போட்டால் சிதையும் என்பதே அதன் எச்சரிக்கை. தோலுரிக்க, பழத்தோல் சீவ, உள்ளிருக்கும் பொருளில் கீறல் விழாமல் பார்சல் பிரிக்க இதற்கு நிகரில்லை. கேஸ் நிறுவனத்தின் டிராப்பர், 6254, கிளிப்பும் ஸ்பேயும் நீளமாக வரும் கத்தி. எண்ணில் 6 கைப்பிடிப் பொருள், 2 பிளேடுகளின் எண்ணிக்கை, 54 மாடல். எண்ணைப் பார்த்து பிளேடின் வடிவம் தெரியாது. திறந்துதான் பார்க்க வேண்டும். பக் 301 போன்ற ஸ்டாக்மேன் வகையில் கிளிப், ஷீப்ஸ்ஃபூட், ஸ்பே மூன்றும் இருப்பதால் இந்த வழக்கே எழாது. கூடுதல் தடிமனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பென் பிளேடு இறகுப் பேனா சீவியது. பேனாக்கத்தி என்ற பெயரே அங்கிருந்துதான். கேஸ் பீனட் போன்ற குட்டிக் கத்திகளில் கிளிப்புடன் ஜோடியாக இதுதான் வரும். சிராய் எடுக்க, நூல் வெட்ட உதவும். என்றாலும் கிளிப்பின் குட்டி நகல்தான். பூட்டு இல்லாத கத்தியில் இதன் முனையால் அழுத்திக் குத்தவும் கூடாது; பிளேடு விரல் மேல் மடங்கும். துளை போட விக்டோரினாக்ஸ் பயோனீரில் உள்ளது போன்ற குத்தூசிதான் சரி. அதைத் தீட்டும்போது சாய்வுள்ள ஒரு பக்கம் மட்டும். மறுபக்கத்தில் பிசிறை எடுத்தால் போதும்.

வாங்கும்போது எல்லா பிளேடையும் மூடி, மேலிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே ஸ்பிரிங்கில் இரு முனையிலும் பிளேடு இருந்தால், ஒன்றையொன்று தாண்டிப் போக அவற்றை அடிப்பக்கத்தில் லேசாக வளைத்திருப்பார்கள். வளைவு போதாவிட்டால் உரசும். பத்துப் பதினைந்து முறை திறந்து மூடியதும் பக்கவாட்டில் கோடு விழும். இடையில் காகிதத் துண்டு தடையில்லாமல் நுழைய வேண்டும். முனை வெளியே நீட்டுகிறதா என்று ஒரு துணியை மேலே இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் வேறு கத்தி கேளுங்கள்.

நேர்வாய்க்கு வரும் நோய் வேறு. நடுவில் குழிந்த சாணைக்கல்லில் தீட்டினால் நேர்வாய் வெளிப்பக்கமாக வளைந்துவிடும், ஷீப்ஸ்ஃபூட்டின் பயனே போச்சு. கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்து முதலில் கல்லைச் சமப்படுத்துங்கள். வாய் நெடுக மார்க்கர் மை பூசி, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரிக்குள் பிடித்து இரண்டு இழுப்பு இழுங்கள். மை எங்கே மிச்சமோ அங்கே கல் படவில்லை. அநேகமாக அது பிடியை ஒட்டிய மூலையாக இருக்கும். அந்த மூலையை விட்டுவிட்டு நடுவை மட்டும் தீட்டிக்கொண்டே போனால், நாளடைவில் நடு குழிந்து, பலகையில் வாய் ஒட்டாத இடைவெளி விழும். அப்புறம் வாய் முழுவதையும் தேய்த்துத்தான் நேராக்க வேண்டும்.