பதினாறு பேரு வாசிக்கிறாங்க, ஆனா சத்தத்த குறைச்சு வெச்சு கேளுங்க

அமெரிக்க ஜாஸ் பேண்டு தலைவரு, பியானோக்காரர் கவுன்ட் பேஸியோட 'தி அட்டாமிக் மிஸ்டர் பேஸி' எல்பி போன மாசம் சிங்கப்பூர் சிட்டி ஹால் பக்கம் ஒரு பழைய ரெக்கார்டு கடையில 38 வெள்ளிக்கு கெடச்சுது. கடை அங்கிள் "வெரி கிளீன் லா"ன்னு அடிச்சு சொன்னாரு, வீட்டுல போட்டா மூணாவது பாட்டு 'ஆஃப்டர் சப்பர்'ல டிக் டிக் டிக். இருக்கறதுலயே அமைதியான எடத்துல பாத்து கீறல் விழுந்திருக்கு, என் நேரம்.

சரி, பாட்டுக்கு வருவோம். 1957 அக்டோபர்ல நியூயார்க்ல ரெண்டே நாள்ல பதிவு பண்ணது, ரூலெட் கம்பெனிக்கு பேஸி போட்ட முதல் ஆல்பம். 11 பாட்டும் நீல் ஹெஃப்டிங்கற ஒரே ஆள் எழுதி, எந்த வாத்தியம் எங்க வரணும்னு அமைச்சு குடுத்தது, அதனால தான் பல எடத்துல பொறுக்கி சேத்த மாதிரி இல்லாம ஒரே கையெழுத்தா இருக்கு. அட்டையில அணுகுண்டு வெடிக்கிற படம், அந்த காலத்துல ஸ்டைலா இருந்திருக்கும் போல, எனக்கு என்னமோ பிடிக்கல.

முதல் பாட்டு 'தி கிட் ஃப்ரம் ரெட் பேங்க்', ரெட் பேங்க் பேஸி பொறந்த ஊரு, அதுல மட்டும் மனுஷன் பியானோவ பிச்சு உதறுறாரு. அதுக்கப்புறம் பாருங்க, பேண்டுக்கே தலைவரு, ஆனா ரெண்டு விரல்ல டிங் டிங்னு தொட்டுட்டு கைய எடுத்துடுவாரு, அந்த காலி எடத்துல தான் மத்தவங்க எல்லாரும் உள்ள வர்றாங்க. 'டூயட்'ல தாட் ஜோன்ஸும் ஜோ நியூமனும் ட்ரம்பெட்டோட வாய அடைச்சு சத்தத்த அமுக்கி வாசிக்கிறது, தேக்கா காப்பிக்கடையில ரெண்டு பெருசுங்க ஊர்வம்பு பேசற மாதிரியே இருக்கும். 'வர்லி பேர்ட்'ல லாக்ஜா டேவிஸ் சாக்ஸபோன், பின்னாடி சானி பெய்ன் ட்ரம்ஸ், அந்த அடி தவில்காரர் ஃபார்ம்ல இருக்கறப்ப அடிக்கிற அடி.

ஆனா என்னோட ஆளு கித்தார் வாசிக்கிற ஃப்ரெடி கிரீன். சோலோ கெடையாது, ஒண்ணும் கெடையாது, ஒரு தாளச் சுத்துக்கு நாலு தட்டு, அவ்ளோதான். சாதாரண ஸ்பீக்கர்ல அவரு இருக்கறதே தெரியாது, ஹெட்ஃபோன் மாட்டுனா தான் தெரியும், கச்சேரியில பின்னாடி உக்காந்து தம்புரா போடறவங்க மாதிரி. 1937லருந்து சாகற வரைக்கும் 50 வருஷம் இதே பேண்டுல இதே வேலை!

கடைசி பாட்டு 'லில் டார்லின்'. ஹெஃப்டி இத இன்னும் வேகமா தான் நெனச்சு எழுதினாராம், பேஸி தான் இழுத்து மெதுவாக்கிட்டாரு. எவ்ளோ மெதுன்னா அடுத்த நோட்டு வருமா வராதான்னு நமக்கே பதட்டமா இருக்கும், பன்னெண்டு ஊதுறவங்களும் ஒண்ணா மூச்சு விட்டு ஒண்ணா உள்ள வர்றாங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு பயந்து ராத்திரி பதினொரு மணிக்கு மெதுவா வெச்சு கேட்டேன், அப்படி தான் இத கேக்கணும்னு அப்புறம் தான் புரிஞ்சுது. வீட்டுக்காரி எட்டிப் பாத்து "என்னங்க, இன்னும் பாட்டு ஆரம்பிக்கலயா"ன்னா.

ரெண்டாவது பக்கத்துல 'லில் டார்லின்'க்கு முன்னாடி வர்ற 'ஃபேன்டெயில்' எனக்கு சுமார் தான். 1959ல முதன்முதலா கிராமி இசை விருது குடுத்தப்ப இந்த ஆல்பத்துக்கு ரெண்டு கெடச்சுது, அதுல ஒண்ணு டான்ஸ் பேண்டுக்கு. எம்எஸ்வி கிளப் பாட்டுல வர்ற ட்ரம்பெட் பிடிக்கும்னா யோசிக்காம வாங்கலாம். கீறல் இல்லாத காப்பி எங்கயாச்சும் கண்ணுல பட்டா சொல்லுங்க, 50 வெள்ளி வரைக்கும் நான் ரெடி.